மெஷின் ஓடட்டும்

இங்க வந்துடுங்க தம்பி, இந்தப் பக்கம். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. இருங்க, மொதல்ல இந்த வாஷிங் மெஷினைப் போட்டுடறேன்... ஆங், ஓடுது. இனிமே பேசலாம். இது ஓடினா நாம பேசறது ஹால்ல இருக்கறதுக்குக் கேக்காது. எதுக்கா? டிவிக்கு மேல வெள்ளையா உருண்டையா ஒண்ணு இருக்கே, காமிரா, பாக்கலையா? நீங்க உள்ள நுழைஞ்சப்ப உங்க பக்கமா கழுத்தைத் திருப்பிச்சே. அதுதான் என் பையன். கனடாவுல இருந்து பாத்துக்கிட்டிருக்கான்.

பயந்துடாதீங்க. தங்கமான பையன். இளம்பரிதின்னு பேரு, அவங்கப்பா வெச்சது. யார் வந்தாலும் ஒரு தடவை பாப்பான், அவ்வளவுதான். திருச்சியில தனியா இருக்கற பொம்பளை, காலம் கெட்டுக் கெடக்குன்னு அவனுக்குக் கவலை.

ராத்திரி ஒம்பது மணியானா நெட் நின்னு போயிடுதுன்னு கம்ப்ளெயின்ட் கொடுத்திருந்தேன், அதுக்குத்தான் வந்திருக்கீங்க, தெரியும். அதுவும் நெஜம்தான். மாசக்கணக்கா இதே கூத்து. கரெக்டா ஒம்பதுக்கு செத்துப் போகுது, காலையில உசுர் வந்துடுது. உங்க ஆபீஸ்ல போன் எடுக்கற பொண்ணு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்"னு சொன்னதையே சொல்லுது. நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன் அந்தப் பொண்ணை. அது கெடக்கட்டும், அதை அப்புறம் பாருங்க. எனக்கு உங்களால வேற ஒரு காரியம் ஆகணும்.

ரவுட்டருக்குன்னு ஒரு நம்பர் இருக்காமே, ஐ.பி. அட்ரஸ்னு. அதை போன்ல போட்டா ரவுட்டரோட பக்கம் தொறக்குமாம். அங்க போயி, எது எது எப்ப ஓடணும், எது எப்ப நிக்கணும்னு நாமளே சொல்லிடலாமாம். அந்த நம்பர் எனக்கு வேணும் தம்பி.

எதுக்குன்னு கேக்கறீங்க. சொல்றேன். சொன்னாத்தானே நீங்க செய்வீங்க.

எங்க வீட்டுக்காரர் போன ஆவணியில போயிட்டார். வைத்திலிங்கம்னு, பஸ் டிப்போவுல கண்காணிப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனவர். ஹால்ல போட்டோ பாத்திருப்பீங்க, டிவிக்கு எதிர்த்தாப்ல, மாலை போட்டு. காரியம் முடிஞ்ச கையோட பரிதி இந்தக் காமிராவையெல்லாம் மாட்டிட்டுத்தான் ஃப்ளைட் ஏறினான். ஹால்ல ஒண்ணு, படுக்கற ரூம்ல ஒண்ணு, வாசல்ல ஒண்ணு. சமையக்கட்டுலயும் மாட்டறேன்னு நின்னான். தாளிக்கிற புகையில கெட்டுப் போயிடும் சார்னு மாட்ட வந்த ஆளே வேணாம்னுட்டார். இந்த பால்கனியும் தப்பிச்சுது. மழைச் சாரல் அடிக்குதுல்ல, அதான்.

பாக்கறது மட்டும் இல்ல தம்பி, அது பேசவும் பேசும். திடீர்னு சுவத்துலேருந்து, "அம்மா, மாத்திரை போட்டியா?"ம்பான். "அம்மா, ஏன் சோபாவுல ஒருக்களிச்சு உக்காந்திருக்கே, இடுப்பு வலியா?"ம்பான். மொதல்ல தூக்கிவாரிப் போடும். இப்ப பழகிடுச்சு. காய்கறி வாங்கக்கூட நான் படி எறங்க வேணாம், அங்கேருந்தே ஆர்டர் பண்ணிடறான். பச்சையா பூ மாதிரி ஒண்ணு வருது, அதை என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல, வேக வெச்சுப் புளி ஊத்திடறேன். இப்படி ஒரு புள்ளை யாருக்குக் கெடைக்கும் சொல்லுங்க? எங்க சொந்தத்துலயே பெத்தவங்களைத் திரும்பிப் பாக்காத புள்ளைங்க எத்தனை. இவன் கண்ணை எடுக்க மாட்டேங்கறான்.

என்ன, பிளக்கைப் பிடுங்கிட்டா தீந்துதேன்னு பாக்கறீங்களா? பிடுங்கிப் பாத்தாச்சு. ஒரு தடவை தூசி தட்டற சாக்குல பிடுங்கினேன். துணியைக் கீழ வைக்கல, போன் அடிக்குது. எடுக்கறதுக்குள்ள எதிர் வீட்டு ஹெலன் டீச்சர் சாவியைப் போட்டுத் திறந்துக்கிட்டு உள்ள வந்து நிக்கறாங்க. "பரிதி போன் பண்ணான் சுலோச்சனா, நீங்க விழுந்துட்டீங்களோன்னு!" எங்க வீட்டுச் சாவி அவங்ககிட்ட ஒண்ணு இருக்கு. அவன்தான் கொடுத்திருக்கான். அந்தம்மாவும் பாவம், கையில மாவோட ஓடி வந்தாங்க.

இந்த அக்கறை எங்க ரத்தத்துல ஊறினது தம்பி. நான் அவனை வளத்தது அப்படி. அவரு டூட்டி டூட்டின்னு டிப்போவுலயே கெடப்பார், புள்ளையைக் கண்ணுல வெச்சுப் பாத்தது பூரா நான்தான். அவன் பத்தாவது வந்தப்ப, ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான்னு ஒரு நாள், ஆசாரியைக் கூப்பிட்டு தாழ்ப்பாளையே கழட்டச் சொல்லிட்டேன். படிக்கிற புள்ளைக்குத் தாழ்ப்பாள் எதுக்கு? ராத்திரியானா கேபிள் வயரை உருவி என் தலையணைக்கு அடியில வெச்சுக்குவேன். ஜன்னல் வழியா போறப்ப வர்றப்ப எட்டிப் பாப்பேன், புஸ்தகத்துக்குள்ள வேற புஸ்தகம் வெச்சிருக்கானான்னு. அதனாலதான் இன்னிக்குக் கனடாவுல இருக்கான். இல்லாட்டி இங்கயே எங்கயாவது பேட்டையில உக்காந்திருப்பான்.

ஒண்ணே ஒண்ணுதான் அவன்கிட்ட எனக்குப் பிடிபடல. குளிக்கப் போனா வெளிய வர மாட்டான். தண்ணி விழற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும், மொண்டு ஊத்தற சத்தமே இருக்காது. நான் கதவைத் தட்டி, "உள்ள என்னடா பண்றே இவ்வளவு நேரமா?"ம்பேன். "குளிக்கிறேம்மா"ம்பான். வெளிய வந்தான்னா தலை காஞ்சு கெடக்கும்! குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள சும்மா உக்காந்திருக்கான் தம்பி. தண்ணிப் பஞ்சம் இருந்த காலம் வேற. எதுக்குடா இப்படிப் பண்றேன்னு கேட்டா வாயே திறக்க மாட்டான். ரெண்டு அடி கூட வெச்சிருக்கேன். எதுக்குப் பண்ணான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. பசங்க புத்தி.

சரி, கதையை எங்கயோ விட்டுட்டேன். நம்பர்.

ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும்னுதானே சொல்ல வர்றீங்க? யூட்யூப்லயும் அதையேதான் சொன்னான். இருந்துச்சு தம்பி. நான்தான் கெடுத்தேன். ஆயுத பூஜை வந்துச்சா, மிக்ஸி, கிரைண்டர், அருவாமனை, அவரோட ஸ்கூட்டர், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். ரவுட்டருக்கு மட்டும் வைக்காம இருந்தா ஓரவஞ்சனை இல்லையா? மேல பூரா குட்டிக் குட்டி வெளக்கா மினுக்குது, அதுமேல அப்பினா சாமிக்கே ஆகாதுன்னு திருப்பிப் போட்டு அடியில வெச்சேன். நல்லா கெட்டியா குழைச்ச சந்தனம். காஞ்சு போயி, அப்புறம் ஈரத் துணியால தொடைச்சப்ப எழுத்தும் சேந்து வந்துடுச்சு. நீங்க வேணா போயிப் பாருங்க, மஞ்சளா ஒரு தீவு மாதிரி இருக்கும், ஒரு எழுத்து நிக்காது.

சிரிக்காதீங்க. இன்னும் கேளுங்க. காமிராவுக்கும் வெச்சேன். அதுவும் ஆயுதந்தானே? எங்க வைக்கிறதுன்னு தெரியாம நெத்தி மாதிரி இருக்கற எடத்துல வெச்சேன். அது நெத்தி இல்ல, கண்ணு. அவன் முழிச்சுப் பாத்தா வீடு பூரா மஞ்சள். "அம்மா, என்னம்மா புகை?"ன்னு கத்தறான். ஹெலன் டீச்சரும் அன்னிக்குன்னு பாத்து மக வீட்டுக்கு மணப்பாறை போயிருந்தாங்க. நான், "கண்ணு, வெளக்கு வைக்கிறதுக்கு முந்தி தொடைச்சு எடுக்கக்கூடாதுடா, சாமி குத்தம்"னுட்டேன். சாமின்னதும் ஒண்ணும் சொல்ல முடியல அவனால. சாயங்காலம் வரைக்கும் அவனுக்கு மஞ்சள்தான்.

அந்தச் சாயங்காலத்தை நான் எப்படிச் சொல்றது தம்பி.

எங்க வீட்டுக்காரர் மூணு மணிக்கு காப்பி குடிப்பார். வீட்டுல இருந்தா ஹால்ல உக்காந்து அப்பதான் வாயைத் திறப்பார், மத்த நேரம் கல்லுப் பிள்ளையார். அன்னிக்கு ரெண்டு டம்ளர்ல காப்பி போட்டு எடுத்துட்டுப் போயி போட்டோவுக்கு முன்னாடி உக்காந்தேன். ஏங்க, போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக்கூடாதான்னு கேட்டேன். அவ்வளவுதான், பொத்துக்கிட்டு வந்துடுச்சு. டிவியில சாமி பாட்டு அலறிக்கிட்டிருந்துச்சு, அந்தச் சத்தத்துல அவனுக்குக் கேக்காதுன்னு சத்தம் போட்டு அழுதேன். அவர் போயி அத்தனை நாளுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் தம்பி நான் அழுதேன். சாவு வீட்டுல வந்தவங்களுக்கு எல எடுத்துப் போடறதுக்கே சரியாப் போச்சு. அப்புறம் காமிரா வந்துடுச்சு. அழுதா அவன் பதறுவான். ஒரு தடவை லேசா கண்ணைத் தொடைச்சதுக்கே டாக்டரை போன்ல கூப்பிட்டு என் முன்னாடி நிறுத்திட்டான். அழுதா ஒரு மாத்திரை கூடிடும்.

அன்னிக்கு அழுதது எப்படி இருந்துச்சு தெரியுமா? பல்லுல மாட்டின நார் வந்த மாதிரி இருந்துச்சு. ராத்திரி ரெண்டு தோசை கூட சாப்பிட்டேன்.

ருசி கண்ட பூனை ஆயிட்டேன். மூணு மணியானா கால் அங்கதான் போகுது. காமிரா இருக்குன்னு தெரியுது, வாய் கேக்க மாட்டேங்குது. மெதுவாத்தான் பேசினேன், கரண்ட் பில் கட்டியாச்சு, பூச்செடி பட்டுப் போச்சுன்னு. பரிதி அதைப் பாத்துட்டான். பாத்தது மட்டுமில்ல, எடுத்து டாக்டருக்கு அனுப்பிட்டான், அம்மா தனியா பேசிக்கிறாங்கன்னு. இப்ப என்ன சொல்றான்னா, கோயமுத்தூர்ல வயசானவங்களுக்குன்னு ஒரு எடம் இருக்காம், தோட்டமெல்லாம் இருக்காம், எப்பவும் நர்ஸ் இருப்பாங்களாம். தை பொறந்ததும் வர்றேன், பாத்து முடிவு பண்ணிடலாம்மாங்கறான். இன்னொரு தடவை நான் பேசறதை அவன் பாத்தான்னா, முடிவு பண்ண ஒண்ணுமில்ல, என்னை மூட்டை கட்டிடுவான். இந்த வீட்டைப் பூட்டிடுவான். அவரு உக்காந்த நாற்காலி எங்க போகும்?

பேசாம இருந்துடலாமேன்னு தோணுதா? முயற்சி பண்ணேன் தம்பி. முடியல. போட்டோவை எடுத்துட்டு இங்க வந்து பேசலாமேன்னு நீங்க நெனைப்பீங்க. போட்டோ எங்கம்மான்னு அடுத்த நிமிஷம் கேப்பானே! அதுவுமில்லாம, நாப்பது வருஷத்துல இந்த மெஷின் பக்கம் ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல அந்த மனுஷன். இப்ப மட்டும் வந்து நிப்பாரா?

அதனால எனக்கு மூணுலேருந்து நாலு வரைக்கும், அந்த ஹால் காமிரா மட்டும், நிக்கணும். நான் நிறுத்தினதா தெரியக்கூடாது. அங்க மட்டும் சிக்னல் போன மாதிரி இருக்கணும். உங்க ரவுட்டர் கோளாறு, ஹாலுக்கு சரியா எட்டலைன்னு சொல்லிக்கறேன். உங்க கம்பெனி பேரு கெடும்தான், இப்ப மட்டும் என்ன வாழுதாம்? சந்தனத்தை தெனமும் அப்ப முடியாது, ஆயுத பூஜை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருது.

இந்தாங்க என் போன். யூட்யூப்காரன் சொன்ன நம்பரெல்லாம் போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் தொறக்கல. ஊருக்கெல்லாம் ஒரே நம்பர்னு நெனச்சுட்டேன். வீட்டுக்கு வீடு மாறுமா? ஓ, ரவுட்டருக்கு ரவுட்டர். சரி, எங்க பாக்கணும்? செட்டிங்ஸ். ம். வைஃபை. எங்க வீட்டு வைஃபை பேரைத் தொடணும். தொட்டேன். கீழ தள்ளணும்... இருங்க, கண்ணாடி. கேட்வேன்னு ஒரு வரி இருக்கு, அதுவா? நூத்தித் தொண்ணூத்திரெண்டு, புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு, புள்ளி, பதினெட்டு, புள்ளி, ஒண்ணு.

இவ்வளவுதானா?

என் போன்லயேவா இருந்துச்சு? கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன் பாருங்க. பதினெட்டு எங்க கல்யாணத் தேதி, இனி மறக்காது.

போட்டாச்சு. ஐயோ, தொறக்குது! பாஸ்வேர்டு கேக்குது. ரவுட்டர் மாட்டின அன்னிக்கு உங்க ஆளுங்க வெச்சதே இருக்கும்கறீங்களா? அடிங்க, அடிங்க. உள்ள போயிடுச்சா! பாருங்க, அவ்வளவு கெட்டிக்காரன், இதை மட்டும் மாத்தாம விட்டுட்டான்.

இந்த வரிசையெல்லாம் என்ன? காமிரா, காமிரா, காமிரா, டிவி. இது என் போனா? 'அம்மா'ன்னு போட்டிருக்கான், பாருங்களேன். பக்கத்துல என்ன, கடிகாரம் மாதிரி? ...என்ன தம்பி, சொல்லுங்க. ஒம்பதுலேருந்து காலையில ஆறு வரைக்கும் கட்டா? யார் வெச்சது? உங்க ஆபீஸா?

அவனா.

இல்ல... இல்ல, கண்ணு கெட்டுப் போயிடும்னு வெச்சிருப்பான். சீக்கிரம் தூங்கட்டும்னு. ராத்திரி முழிச்சா எனக்குப் பிரஷர் ஏறும். நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பான். கேட்டிருந்தா நானே தூங்கியிருப்பேன். அந்தப் பொண்ணை வேற திட்டித் தொலைச்சுட்டேன், ஆபீஸ்ல. நான் மன்னிப்பு கேட்டதா சொல்லிடுங்க. இல்ல வேணாம், சொல்லாதீங்க, இப்படின்னு வெளிய தெரிய வேணாம். அதை எடுக்காதீங்க. அப்படியே கெடக்கட்டும், எடுத்தா கண்டுபிடிச்சுடுவான்.

என் ஒரு மணி நேரத்தை மட்டும் போட்டுக் கொடுங்க. ஹால் காமிரா, மூணு டூ நாலு, தெனமும். அவ்வளவுதானே? கடைசியா இந்த நீலக் கட்டத்தை அழுத்தினா ஆச்சா?

ஏன் கையை எடுத்துட்டீங்க? மெஷினையே பாக்கறீங்க? ஆமா தம்பி, உள்ள ஒண்ணும் இல்ல, காலி மெஷின்தான். எனக்கு இருக்கறது ரெண்டு நைட்டி, அதைத் தெனம் எத்தனை தடவை துவைக்கிறது? தங்கச்சிகிட்ட பேசணும்னா இப்படித்தான் ஓட விட்டுட்டு வந்து நிப்பேன். சில நாள் யார்கிட்டயும் பேசறதுகூட இல்ல. சும்மா உக்காந்திருப்பேன், நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த ஸ்டூல்ல. கொஞ்ச நேரம் யாரும் பாக்காம—

இருங்க. கூப்பிடறான். கேக்குதா, ஹால்லேருந்து?

"அம்மா! உள்ள என்னம்மா பண்றே இவ்வளவு நேரமா?"

துவைக்கிறேன்டா கண்ணு! துணி துவைக்கிறேன்! நெட்காரத் தம்பி இங்க வயரைப் பாத்துக்கிட்டிருக்கார், இதோ வந்துட்டேன்!

பாத்தீங்களா? அங்க நடுராத்திரி இப்ப. தூங்காம முழிச்சு உக்காந்து கேக்கறான். என்ன அக்கறை பாருங்க. எம்புள்ளைங்கறதுக்காகச் சொல்லல.

என்ன தம்பி, என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?

அதை அழுத்துங்க. மெஷின் நிக்கறதுக்குள்ள அழுத்திடுங்க.